வெள்ளையாய்க் கிடந்த மூன்று தாள்கள்

1

மேலப்பாளையத்திலிருந்து போன் வந்தால் முதலில் மழையை விசாரிப்பார்கள், அப்புறம் வியாபாரத்தை. கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "சமீனா என்ன படிக்கா?" பன்னிரண்டாவது, சயன்ஸ், கணக்கு எடுத்திருக்கிறாள் என்பேன். "மாஷா அல்லாஹ், கணக்குல புலியாக்கும்" என்பார்கள். நானும் மறுக்கமாட்டேன். பிள்ளையைப் புலியென்று சொன்னால் எந்தத் தகப்பனுக்குக் கசக்கும்? இந்த ஜனவரியில் அந்தப் புலியைக் கூட்டிக்கொண்டு நான் செம்பூர் போய்வந்த கதை ஊரில் யாருக்கும் தெரியாது. வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். பெரிய பரீட்சை இனிமேல்தான் வரப்போகிறது. அதனால் இதில் ரிசல்ட் எதுவும் இருக்காது.

தாராவிக்கு நான் வந்தபோது எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தவன். இப்போது சொந்தமாகத் துணிப்பை, லேப்டாப் பை தைக்கும் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. கீழே மிஷின்கள், மேலே வீடு, நடுவில் ஓர் இரும்பு ஏணி. சமீனா அந்த மிஷின் சத்தத்துக்கு மேலேயே பிறந்து வளர்ந்தாள். சோறு கேட்பது தமிழில், சண்டை போடுவது இந்தியில், கணக்குப் போடுவது இங்கிலீஷில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இதையும் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

2

பத்தாவதில் அவள் கணக்கில் வாங்கிய மார்க்குக்கு எங்கள் சந்து முழுக்க லட்டு கொடுத்தேன். பதினொன்றாவதும் எப்படியோ ஓடிவிட்டது. பன்னிரண்டாவதில் கால்குலஸ் என்று ஒன்று வந்தது. அதோடு வீட்டில் பேச்சுக் குறைந்தது.

லீவு நாளில் மிஷின்கள் ஓடாது. அன்றைக்குக் கீழே வந்து கட்டிங் மேசையில் புத்தகத்தை விரித்து உட்காருவாள். நான் ஏணியிலிருந்து பார்ப்பேன். எழுதுவாள், அடிப்பாள், தாளைக் கசக்குவாள். "என்னளா கஷ்டம்?" என்று கேட்டால், "சொன்னா ஒங்களுக்குப் புரியாது வாப்பா" என்பாள். எனக்கும் கோபம் வந்துவிடும். புரியாதவன் கட்டுகிற ஃபீஸ் மட்டும் புரிகிறதோ என்று ஏதாவது சொல்லிவிடுவேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவாள்.

போன தீபாவளி லீவில் ஊருக்குப் போயிருந்தபோது என் மச்சான் மகன் தன்னுடைய பழைய பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினான். வகையிடல், தொகையிடல் என்று எல்லாம் தமிழில். சமீனா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எழுத்தை விட்டுவிட்டு, நீண்டு வளைந்து நிற்கும் அந்தக் குறிகளை மட்டும் பார்த்தாள். "இங்கயும் இதுதானா" என்று மூடிவைத்தாள். எந்த மொழியில் கொடுத்தாலும் அது கஷ்டம்தான் என்று எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். நான் அதை அவளுடைய சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

3

ஜனவரியில் செம்பூர் காலேஜில் ப்ரிலிம் நடந்தது; இங்கே பதினொன்றும் பன்னிரண்டும் காலேஜில்தான். போர்டு பரீட்சைக்கு முந்தின ஒத்திகைப் பரீட்சை. சில நாள் கழித்து ஆபீசிலிருந்து போன். பெண்ணைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே வரவேண்டும் என்றார்கள். என்ன விஷயம் என்றேன். "ஆயியே, பதா சலேகா" என்று வைத்துவிட்டார்கள். வந்தால் தெரியுமாம்.

என் வீட்டுக்காரி ஜமீலாதான் சமீனாவிடம் விஷயத்தை வாங்கினாள். கணக்குப் பேப்பரில் விடைத்தாள் தீர்ந்துபோனால் கூடுதல் தாள் கேட்டு வாங்கிக் கட்டுவார்கள். சப்ளிமென்ட் என்பார்கள். இவள் மூன்று சப்ளிமென்ட் வாங்கிக் கட்டியிருக்கிறாள். மூன்றும் வெள்ளைத் தாளாக இருக்கிறதாம். வெறும் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு 'நான் எழுதினேன், காணோம்' என்று சண்டை போடும் பிள்ளைகள் உண்டாம். அந்த வேலையை இவள் செய்துவிட்டாள் என்று காலேஜ் சொல்கிறது.

"எழுதுனேன் உம்மா. கசம் சே, சத்தியமா எழுதுனேன்."

ஜமீலா என் பக்கம் திரும்பினாள். "பிள்ளை பொய் சொல்லாதுங்க. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

நான் நம்பவில்லை. கட்டிங் மேசையில் அவள் அடித்து அடித்துக் கசக்கியதைப் பார்த்தவன் நான். எழுதத் தெரியாமல் தாளை வாங்கிக் கட்டியிருப்பாள் என்றுதான் தோன்றியது. மறுநாள் சுனாபட்டி ஸ்டேஷனில் ஹார்பர் லைன் மின்சார வண்டி ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை எனக்கு. பக்கத்தில் நின்றவர்கள் தமிழ் தெரியாதவர்கள் என்ற தைரியம் வேறு.

"மார்க் கொறஞ்சா நான் என்ன கொன்னா போடுவேன்? பொய் சொல்லத்தான் காலேஜுக்கு அனுப்புனனா? ஒரு வருசம் போச்சுன்னா அதோட சரி, மிஷின்ல வந்து ஒக்காரு."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். திட்டுகிறவனுக்குப் பதில் வராவிட்டால் இன்னும் ஏறும். செம்பூர் வரைக்கும் ஏறியது.

4

காலேஜ் வாசலில் செக்யூரிட்டி பேரைக் கேட்டார், ஆதாரைக் கேட்டார், ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார். ஆபீஸ் ஜன்னலில் இருந்த அம்மாள், "லஞ்ச் கே பாத்" என்று கதவைச் சாத்தினார். சாப்பாட்டுக்கு அப்புறமாம்; அதற்கு இன்னும் நேரம் இருந்தது. நம்மூர் தாலுகா ஆபீசில் பார்த்த அதே ஜன்னல்தான். இங்கே இந்தியில் சாத்துகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில் வைஸ் பிரின்சிபல் அறைக்குள் விட்டார்கள். கணக்கு டீச்சர் வைஷாலி மேடமும் அங்கே நின்றிருந்தார். சின்ன வயசுக்காரர், முகத்தில் தூக்கமில்லை. மேசைமேல் சமீனாவின் விடைத்தாள். மேடம் பிரித்துக் காட்டினார். மேட்ரிக்ஸ், வெக்டர் எல்லாம் பக்கம் பக்கமாகச் சிவப்பு டிக்கும் சிவப்புச் சுழியும் கலந்து கிடந்தன. அதற்குப் பிறகு நூலில் கட்டிய அந்த மூன்று தாள்கள். கால்குலஸ் முழுக்க அதில்தான் இருக்க வேண்டும். மூலையில் ஹால் சூப்பர்வைசரின் கையெழுத்து மட்டும் இருந்தது. மற்றபடி பளிச்சென்று வெள்ளை. ரோல் நம்பர்கூட இல்லை.

"ரோல் நம்பர் பீ நஹி லிகா" என்றார் வைஸ் பிரின்சிபல். தாளைக் கட்டத் தெரிந்த பிள்ளைக்கு நம்பர் எழுதத் தெரியவில்லையா என்று கேட்டார். இது மோசடி, ஹால் டிக்கெட்டில் தன் கையெழுத்து விழாது என்றும் சொன்னார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் வருடம் போயிற்று. வண்டியில் நான் கோபத்தில் சொன்னதை இவர் நிதானமாகச் செய்யப்போகிறார்.

"மைனே லிகா தா சார்", எழுதினேன் சார் என்றாள் சமீனா. குரல் உடைந்துபோயிருந்தது. பாதிப் பரீட்சையில் பேனா தீர்ந்துவிட்டது, பையிலிருந்த இன்னொரு பேனாவை எடுத்துத்தான் மீதியை எழுதினேன் என்றாள்.

"கௌன்ஸா பென்? திகாவ்."

பேனாவைக் காட்டச் சொன்னதும் பவுச்சை மேசைமேல் கவிழ்த்தாள். மை தீர்ந்த பால் பென், ஸ்கேல், காம்பஸ். அதோடு சிவப்பு ரெக்சின் துண்டு சுற்றிய ஒரு பேனாவும் உருண்டு வந்து என் முன்னால் நின்றது.

அது என்னுடைய ஒர்க்‌ஷாப் பேனா. பையில் எங்கே பாக்கெட் வரும், எங்கே ஜிப் வரும் என்று துணிமேல் கோடு போட ஹீட் பென் என்று ஒன்று வைத்திருப்போம். தைத்து முடித்து இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை ஓட்டினால் கோடு மாயமாகிவிடும். ஆர்டர் கொடுத்த பார்ட்டி கைக்குச் சுத்தமான பை போகும். யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாதென்று எல்லா ஹீட் பென்னிலும் சிவப்புத் துண்டு சுற்றி வைத்தவனே நான்தான். அது என் வீட்டுக்கே ஏணி ஏறிப் போயிருக்கிறது.

"சார், யே பென் கா லிகா... இஸ்திரி சே உட் ஜாதா ஹை" என்றேன். இஸ்திரி போட்டால் பறந்துவிடும் என்று சொல்ல அத்தனை திக்கினேன்.

வைஸ் பிரின்சிபல் முதல்முறையாகச் சிரித்தார். "பரீட்சைப் பேப்பருக்கு யார் இஸ்திரி போடுவார்கள்?"

வைஷாலி மேடம் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மைனே" என்றார். நான்தான்.

பேப்பர் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போகும்போது பையில் தண்ணீர் பாட்டில் ஒழுகிவிட்டதாம். சில பிள்ளைகளின் கடைசித் தாள்கள் நனைந்துவிட்டன. மேலே துப்பட்டாவை விரித்து இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக் காயவைத்திருக்கிறார். மறுநாள்தான் திருத்த உட்கார்ந்தார். மற்றவர்களின் எழுத்து அப்படியே இருந்தது. இவளுடையது வெள்ளை.

மேடம் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தன் மகனும் இந்த மாதிரிப் பேனா வைத்திருக்கிறான், ரொம்பக் குளிரில் வைத்தால் எழுத்து திரும்பி வரும், ஆனால் இந்தப் பேனாவுக்கு வருமா தெரியாது என்றார். எனக்கு அது புதுச் செய்தி. என் தொழிலில் கோடு போவதுதான் தேவை. திரும்பி வருமா என்று யாரும் கேட்டதில்லை.

வைஸ் பிரின்சிபல் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கிளம்புவதற்குள் எழுத்தைக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வெறும் தாளென்றே எழுதிவிடுவேன் என்றார்.

5

காலேஜில் இருந்த ஒரே ஃப்ரீஸர் கேன்டீனில் குல்ஃபி வைக்கிற பெட்டி. கேன்டீன்காரர் முணுமுணுத்தார். மேடம் தாள்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் குல்ஃபிகளுக்கு அடியில் செருகிவிட்டு வகுப்புக்குப் போனார். நானும் சமீனாவும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

எனக்குப் பாதி பாரம் இறங்கியிருந்தது. பேனாவின் மேல் பழி போட்டாகிவிட்டதல்லவா. ஜமீலாவுக்குச் சொல்ல போனை எடுத்தேன். சமீனா என் கையைப் பிடித்தாள்.

"இப்ப சொல்லாதீங்க வாப்பா." கொஞ்சம் பொறுத்து, "அத வெளிய எடுத்துரலாம்" என்றாள்.

"பைத்தியமாளா ஒனக்கு? எழுதுனேன்னு நீதான சொன்ன?"

"எழுதுனேன். காலியா இருந்தா பேனா தப்பு. எழுத்து வந்துட்டா என் தப்பு." உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் தப்பாத்தான் எழுதியிருக்கேன். வந்தா எல்லாரும் பாப்பாங்க."

"அத்தனை கஷ்டமாளா அது?"

இந்த முறை, சொன்னால் புரியாது என்று சொல்லவில்லை. மேசைமேல் கிடந்த என் துணிப்பையை இழுத்தாள்.

"பாருங்க. டிஃபரன்ஷியேஷன்னா இந்த பேக்கப் பிரிக்கற மாதிரி. தையல் எங்க இருக்கோ அங்க வெட்டிட்டே போலாம். ரூல் இருக்கு, யாரும் பண்ணிரலாம். இன்டெக்ரேஷன் மத்லப் அதுக்குத் தலைகீழா, பிரிச்ச துண்ட மட்டும் கையில குடுத்துருவாங்க. இது எந்த பேக்குன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். சாம்பிள் கெடையாது."

அது எனக்குப் புரிந்தது. சாம்பிள் இல்லாமல் தைக்கச் சொன்னால் எங்கள் சந்தில் எவனும் ஆர்டர் எடுக்கமாட்டான்.

"ஒரு கணக்குக்கு நாலு வழி இருக்கும் வாப்பா. எது சரின்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும். பாதி தூரம் போனப்புறம் ரஸ்தா பந்த், வழி அடச்சிரும். திரும்பி வரணும். அதுக்குள்ள மத்தவங்க பக்கத்தத் திருப்புற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டா தெரிஞ்சதும் மறந்துரும்."

"கிளாஸ்ல கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். பேசிக்ஸ ஸ்ட்ராங் பண்ணும்பாங்க, அடுத்த சாப்டர் போயிருவாங்க. எல்லாரும் தல ஆட்டுவாங்க, நானும் ஆட்டிருவேன்." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க வேற ஊர்ல எல்லார்ட்டயும் புலின்னு சொல்லிவச்சிருக்கீங்க."

சுருக்கென்றது. சொன்னது நானில்லை, அவர்கள்தான் என்று வாய்வரை வந்தது. மறுக்காமல் கேட்டு ரசித்தவன் யார்? குல்ஃபிப் பெட்டியின் மோட்டார் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. எழுத்து வராமலே போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். வந்துவிட்டால் இந்தப் பிள்ளை என்ன செய்வாள் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே அளவுக்குப் பயமாக இருந்தது.

"வரட்டும்ளா" என்றேன் கடைசியில். "தப்புன்னா தப்பு. காலைல வண்டியில ஒன்னப் பொய்க்காரின்னு சொன்னேன்ல. அதுக்காவது வரட்டும்."

6

மணி அடித்ததும் மேடம் வந்தார். கேன்டீன்காரர் குல்ஃபிகளை ஒதுக்கிக் கவரை எடுத்தார். சமீனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடம் தாளை உதறி மேசையில் விரித்தார்.

வந்திருந்தது. நீலமாக இல்லை, சாம்பலாக, தண்ணீரில் கரைத்த மை போல. மேலே ரோல் நம்பர். அதற்குக் கீழே வரி வரியாக அவள் கை.

நான் கணக்கைப் படிக்கத் தெரியாதவன். ஆனால் அடித்ததைப் பார்க்கத் தெரியும். முதல் கணக்கு பாதியில் அடித்து, மறுபடி ஆரம்பித்து முடித்திருந்தது. இரண்டாவது ஒரே ஓட்டமாகப் போயிருந்தது. மூன்றாவது கணக்கு ஒரு தாள் முழுக்க இருந்தது. எழுதி அடித்திருக்கிறாள். மறுபடி முதலிலிருந்து எழுதி அடித்திருக்கிறாள். மூன்றாம் முறையும். கடைசிக் கோடு தாளைக் கிழிக்கிற மாதிரி விழுந்திருந்தது. கட்டிங் மேசையில் நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தது இதைத்தான்.

சூடு பட்டால் மறுபடி போய்விடும் என்று மேடம் தன் பால் பென்னைச் சமீனாவிடம் கொடுத்தார். இருக்கிற எழுத்தின் மேலேயே எழுது, அடித்ததையும் அடி, எதையும் மாற்றாதே என்றார். "ஜைஸா ஹை வைஸா."

சமீனா எழுத ஆரம்பித்தாள். தன்னுடைய தப்புகளின் மேலேயே ஒவ்வொரு வரியாகப் பேனா போனது. காது சிவந்திருந்தது. மேடம் எதிரே உட்கார்ந்து பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கணக்கின் மூன்றாவது முயற்சிக்கு வந்தபோது, கடைசி வரியில், அடிக்க வேண்டிய இடத்தில், கை நின்றுவிட்டது.

அந்த வரியையே பார்த்தாள். பிறகு கணக்கின் முதல் வரியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடத்துக்கு விளங்கிவிட்டது. அவர் கண்ணும் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"நஹி பேட்டா. ஜோ லிகா ஹை, வஹி."

எழுதியிருப்பது எதுவோ அது மட்டும்தான். சமீனா பேனாவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். எங்கே புதிதாக ஏதாவது எழுதிவிடுவாளோ என்று எனக்குப் பதறியது. அவள் அந்தச் சரியான வரியின் குறுக்கே, முன்பு போட்ட அதே இடத்தில், கோட்டை இழுத்தாள். மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

மேடம் அங்கேயே திருத்தினார். ஸ்டெப்புக்கு ஸ்டெப் மார்க் போட்டார். கூட்டினார், மறுபடி கூட்டினார். வைஸ் பிரின்சிபல் அறையில் தாளை வைத்தபோது மேடத்தின் குரல் காலையைவிடத் தெளிவாக இருந்தது.

"ஃபெயில் ஹை சார். லேகின் காலி நஹி ஹை."

ஃபெயில்தான், ஆனால் வெறும் தாள் இல்லை. வைஸ் பிரின்சிபல், சமீனா அடித்து அடித்து எழுதிய பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். ஹால் டிக்கெட் வரும், ஆனால் போர்டுக்கு முன்னால் தினமும் மேடத்திடம் உட்கார வேண்டும் என்றார். ரெக்சின் சுற்றிய பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "இஸ்கோ பேக் கே லியே ரகியே." பைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

7

திரும்பும் வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. ஃபெயில் ஆன பிள்ளையோடு வருகிறேன், எனக்கு ஏனோ பசித்தது. குர்லா தாண்டியதும் அவளே பேசினாள்.

"வாப்பா, அந்த மூணாவது கணக்கு."

"ம்."

"ஒவ்வொரு தடவையும் கடைசில கேள்வியே திரும்ப வந்துச்சு. இத்தன வேல செஞ்சும் ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துட்டேன், தப்புப் பண்ணிட்டேன்னு அடிச்சேன். தப்பே இல்ல வாப்பா. அந்தக் கணக்கு அப்படித்தான் வரும். திரும்ப வந்தத அப்படியே தூக்கி இந்தப் பக்கம் சேத்துரணும். ஒன்னு ரெண்டாயிரும்."

"அப்புறம்?"

"ரெண்டால வகுத்தா முடிஞ்சுது."

"அவ்வளவுதானா?"

"இல்ல." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ப்ளஸ் சி போடணும். அத மறந்தா மார்க்க வெட்டிருவாங்க."

சி யார், அவரை எதற்குக் கூட்ட வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் பதில் சொன்னாள், விரலால் என் துணிப்பையின் மேல் எழுதிக்காட்டி. அதில் நாங்கள் இருவரும் சுனாபட்டியைத் தவறவிட்டோம். இத்தனை வருடமாக நான் ஏறி இறங்குகிற ஸ்டேஷன் அது. ஜி.டி.பி. நகரில் இறங்கி எதிர்ப்பக்க வண்டிக்காக நின்றோம். சமீனா அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். வண்டி வந்தது. அவள் சொல்லி முடிக்கவில்லை என்பதால் அதை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நின்றோம்.